நாலு மணி வெயிலில் எக்காளம்

உங்கள் ஸ்டேஷன் காபி பரவாயில்லை, மேடம். சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். எங்கள் தெருவில் காபிக்கு இவ்வளவு சர்க்கரை போடுகிறவர்கள் எதிர்வீட்டு மணவாளன் குடும்பம் மட்டும்தான். அவர்கள் வீட்டில் எல்லாமே தூக்கல், மருமகளின் குரல் உட்பட. அது இப்போது வேண்டாம். காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்து, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே முழுசா எழுதுங்க, அவசரமில்லை" என்றீர்கள். என்னைப் பார்த்து முழுசாகச் சொல் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். என் வீட்டுக்காரர் குமரேசன் கலியாணமான நாளாக "சுருக்கமா சொல்லு" என்பதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் பேசியதாக ஞாபகமில்லை.

என் பெயர் பிரேமா. திருத்தணியில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன். மலையேறப் போகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். யார் யாரோடு ஏறினார்கள், இறங்கும்போது யார் யாரோடு பேசாமல் இறங்கினார்கள், மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு யார் கிராப்போடு திரும்பினார்கள், எல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். இதை வம்பு என்கிறார்கள். ஊரில் ஒருத்திக்காவது ஊர் நடப்பு தெரிந்திருக்க வேண்டாமா? ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன், நான் சொன்ன சேதி எதுவும் இதுவரை பொய்யாய்ப் போனதில்லை. சில சேதி நான் சொன்னதற்குப் பிறகு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுசித்ரா தை மாதம் மாடிக்குக் குடிவந்தாள். சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். இந்தப் பக்கத்து ஊர்களில் பழைய காலத்தில் ஊதிய கொம்பு, தாரை, எக்காளம் இவற்றைப் பற்றி எழுதுகிறாள். எழுதுவதெல்லாம் எழுதிவிட்டாள். அவளுக்கு அகப்படாமல் போனது படம். "படமா, போனைத் தட்டினால் கொட்டுமே" என்று நானும் சொன்னேன். மாடிப்படியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

ஒரு படத்தில் எக்காளத்தின் குறுக்கே ஒரு கடைக்காரன் தன் பெயரையும் போன் நம்பரையும் பெரிதாக அடித்திருந்தான். இன்னொன்றில் நாதஸ்வரத்தைப் போட்டு, எக்காளம் என்று கூசாமல் எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் படம் ஒன்று வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்தவனுக்கு ஊதுகிறவரின் மீசை பிடித்துப்போயிருக்கவேண்டும். மீசை முழுசாக விழுந்திருக்கிறது, எக்காளம் பாதியோடு போய்விட்டது. அந்தப் பாதியைப் போட்டுக்கொள்ளவும் அனுமதி கேட்டு எழுதவேண்டுமாம். எழுதினால், சம்பந்தப்பட்டவர் விடுமுறையில் இருக்கிறார் என்று மிஷின் பதில் போடுகிறதாம். கடைசியாகக் காட்டியது பளபளவென்று இருந்தது. எனக்கே கண் நிறைந்துபோயிற்று.

"விரலை எண்ணுங்க ஆன்ட்டி" என்றாள்.

ஊதுகிறவருக்கு ஒரு கையில் ஏழு விரல். எக்காளம் அவர் காதிலிருந்து முளைத்திருந்தது. கம்ப்யூட்டர் தானாக வரைந்ததாம்.

"படம் இருந்தா மட்டும் போதாது ஆன்ட்டி. உபயோகப்படுத்த முடியணும். யார் எடுத்தது, என்னிக்கு, எந்த ஊர்ல, கருவி யாருது, அவங்க சம்மதிச்சாங்களா, எந்தச் சந்தர்ப்பத்துல ஊதினாங்க, எல்லாம் படத்துக்குக் கீழ எழுதணும். ஒண்ணு குறைஞ்சாலும் அது சும்மா படம்."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நானும் அப்படித்தானே. யார், எப்போது, எங்கே, கூட யார் இருந்தார்கள் என்பது தெரியாமல் நான் ஒரு சேதியை வாசல் தாண்ட விட்டதில்லை. இத்தனை வருஷம் நான் செய்துவந்ததற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவளுடைய பேராசிரியர் பாலசுப்பிரமணியன் போனில் உரக்கப் பேசுகிறவர். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருப்பார். ஆடிக் கிருத்திகைக்குள் எக்காளத்தின் படம் வராவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னார். அதை எடுத்தால் ஆய்வில் எலும்புதான் மிஞ்சும், இன்னொரு வருஷம் இழுக்கும். அதற்குள் அவளுடைய அப்பா குவைத்து மாப்பிள்ளை ஒருவனைக் கட்டிவைக்கத் தயாராக நிற்கிறார். மாப்பிள்ளையின் போட்டோவையும் பார்த்தேன். அதுவும் உபயோகப்படுத்த முடியாத படம்தான்.

அழுது கண் வீங்கியிருந்தவளிடம், "எங்க ஊர்ல ஒரு எக்காளம் கீது பாப்பா" என்றேன்.

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஆன்ட்டி, அது மட்டும் கிடைச்சா நன்றிப் பக்கத்துல முதல் பேரு உங்களுது" என்றாள்.

நன்றிப் பக்கம் என்றால் என்ன என்று விசாரித்துக்கொண்டேன். புத்தகமாகக் கட்டி, நூலகத்தில் வைத்து, நூறு வருஷம் கழித்தும் யாராவது எடுத்துப் பார்ப்பார்களாம். எங்கள் குடும்பத்தில் பெயர் அச்சில் வருவதென்றால் ஒன்று கலியாணப் பத்திரிகை, இல்லை கண்ணீர் அஞ்சலி பேனர். அன்றைக்கு சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். குமரேசன் அதையும் சுருக்கமாகத்தான் சொன்னார்.

என் பிறந்த ஊர் அம்மையார்குப்பம். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. தெருக்கோடியில் பஜனைக் கோயில், அதில் ஒரு நீளப் பெட்டி, பெட்டிக்குள் செம்பு எக்காளம். துண்டு துண்டாக இருக்கும். பூட்டி நிறுத்தினால் ஆளைவிட உயரம், வாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். சாவி என் அத்தை மகன் எல்லப்பனிடம். ஊதுவதும் அவர்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொள்ளுப்பேரன் கண்ட ஒருவர் செத்தால்தான் அந்தப் பெட்டி திறக்கும். வேறு எதற்கும் திறக்காது. திறந்தால் தெருவில் அத்தனை தறியும் நிற்கவேண்டும். பிணம் தெருவைத் தாண்டி எக்காளம் பெட்டிக்குள் போனபிறகுதான் மறுபடி ஓட்டலாம்.

சுசித்ராவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"யார் செத்தா?" என்றார் எல்லப்பன்.

"யாரும் சாவல பாவா. ஒரு போட்டோ எடுத்துகினு போயிடுவா."

"போட்டோவுக்கா? பெட்டியத் தொறந்தா தறி நிக்கும்மே. தறி நின்னா சோறு யார் போடுவா? உங்க காலேஜா?"

"ஒரு நிமிஷம்தான் சார்" என்றாள் சுசித்ரா.

"ஒரு நிமிஷம் சாவற ஆளு யாராச்சும் இருந்தா சொல்லு, தொறக்கறேன்."

பெட்டியை மட்டும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தாள். பெட்டியை ஊத முடியாது என்று பேராசிரியர் எழுதி அனுப்பினார்.

நான் யோசித்தேன். தெருவில் கொள்ளுப்பேரன் கண்டவர்கள் மூன்று பேர். ஜெயம்மாள் அத்தை இன்றைக்கும் தண்ணீர்க்குடத்தோடு ஓடுகிற பேருந்தில் ஏறுவாள், அது இப்போதைக்கு நகர்கிற உருப்படி இல்லை. பஞ்சாட்சரம் பெங்களூரில் மகனோடு போய் உட்கார்ந்துவிட்டார், அங்கே செத்தால் நமக்கு என்ன பிரயோஜனம். மிச்சம் என் பெரியப்பா வேதாசலம்.

அப்பாவுக்கு மூத்தவர். எனக்குக் கலியாணம் செய்துவைத்தவர் அவர்தான். இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்து ரொம்ப நாளாகிவிட்டது, நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய் நின்றதும் "இன்னாடி புதுசு?" என்பார். நான் கொண்டுபோகிற சேதியை வெற்றிலை மாதிரி மடித்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, சிரிப்பார். அவரைப்போல் சேதி கேட்கிற காது எனக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை.

முதல் தடவை நடந்ததற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பெரியப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் கே.ஜி.கண்டிகையில் இறங்கி, தமிழ்செல்வியின் டீக்கடையில் உட்கார்ந்தேன். "பெரியப்பா எப்படிக் கீறாரு?" என்று அவளாகத்தான் கேட்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். "இன்னாத்தச் சொல்றது செல்வி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு ஆனதெல்லாம் அவளும் பேருந்து கண்டக்டரும் சேர்ந்து செய்தது.

சேதி பேருந்தைவிட வேகமாகப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருக்கிறது. பெரியப்பாவின் மகன் தீனதயாளன் அண்ணன் அங்கே நூல் வாங்கப் போயிருந்தான். நூல் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்திருக்கிறார். அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். தறி ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் யாருக்குப் போன் மணி கேட்கும்? யாரும் எடுக்காததையே சாவுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, அங்கேயே ஐஸ் பெட்டிக்கும் பேனருக்கும் சொல்லிவிட்டு, பஜனைக் கோயிலில் இருந்த எல்லப்பனிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். பிறகு எனக்கும் போன் செய்தான்.

"அப்பா போயிட்டாரும்மா" என்று அழுதான்.

நானும் அழுதேன். மகன் வாயால் வந்த சேதியை எப்படி நம்பாமலிருப்பது? சுசித்ராவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது பாதி வழிவரைக்கும் நான் உண்மையாகவே நம்பினேன்.

நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் சாமியானாவுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. எல்லப்பன் எக்காளத்தைப் பூட்டித் தோளில் சாத்தியபடி நடையில் நின்றார். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. நாலு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பெரியப்பா தறிச் சத்தத்தில்தான் தூங்குவார், சத்தம் நின்றால் விழித்துவிடுவார். விழித்தார்.

"தறி ஏன்டா நின்னுச்சி? கரண்ட்டு போச்சா?"

தூக்கிவந்த நாலு பேரும் ஐஸ் பெட்டியை அப்படியே கீழே வைத்தார்கள்.

"எல்லப்பன் எக்காளத்தோட நிக்கிறானே. யார்டா போயிட்டான்? பஞ்சாட்சரமா?"

எல்லப்பன் எக்காளத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஆளைவிட உயரமான சாமானை எங்கே மறைப்பது? மேலே விட்டத்தில் இடித்து மணி மாதிரி ஒலித்தது.

"நீதான் மாமா" என்றார்.

பெரியப்பா தன் உடம்பை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். "எப்போ?" என்று கேட்டார்.

அதன்பிறகு அங்கே நடந்ததை இழவு என்று சொல்வதா, கலியாணம் என்று சொல்வதா தெரியவில்லை. மாலையோடு வந்தவர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரன் எடுத்துவந்த வாடகை யார் தருவது என்று கத்தினான். அண்ணன் வந்து அப்பாவைப் பார்த்து மயங்கி விழுந்தான். அவனை ஐஸ் பெட்டிமேல்தான் சாய்த்துவைத்தார்கள். சுசித்ரா அங்குமிங்கும் ஓடிப் படமெடுத்தாள். எல்லப்பன் எக்காளத்தை வேட்டியால் மூடிக்கொண்டு தெருவில் ஓடினார்.

அன்றைய படங்களை மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றில் எக்காளத்துக்குக் குறுக்கே ஐஸ் பெட்டி. ஒன்றில் எக்காளம் ஓடுகிறது, கீழே எல்லப்பனின் கால் மட்டும் தெளிவு. ஒரே ஒரு படத்தில் முக்கால்வாசி எக்காளம் விழுந்திருந்தது. முன்னால் பெரியப்பா மாலையோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இதுக்குக் கீழ என்னன்னு எழுதறது ஆன்ட்டி? இறுதிச் சடங்குன்னா? செத்தவர் சிரிக்கிறாரே" என்றாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

தெருவில் விசாரணை வைத்தார்கள். சேதியின் வாலைப் பிடித்துக்கொண்டே போய்த் தமிழ்செல்வியிடம் நின்றார்கள். அவள் என்னைக் கைகாட்டினாள்.

"நான் செத்தாருன்னா சொன்னேன்?" என்றேன்.

"அழுதியே."

"அழுதா செத்துட்டாங்கன்னு அர்த்தமா? உன் டீயக் குடிச்சாக்கூட அழுவ வருது."

கூட்டம் சிரித்தது, அதோடு விட்டுவிட்டார்கள். வெறுமனே திறந்த பெட்டிக்குப் பரிகாரமாகப் பூசணிக்காய் உடைத்தார்கள். இனிமேல் கண்ணால் பிணத்தைப் பார்க்காமல் திறப்பதில்லை என்று எல்லப்பன் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பெரியப்பாவைப் பார்க்கிறவர்களெல்லாம் "ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்க்கப்போனால் அதை அவருக்கு வாங்கிக்கொடுத்தது நான்தான்.

அவரை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாள் சேதி கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது தானே சேதி ஆகிவிட்டார். யார் யார் எப்படி அழுதார்கள் என்று கூப்பிட்டு வைத்து விசாரித்தார். "உன் அண்ணி அழுதது போதாது, ஜெயம்மா ஷோக்கா அழுதாளாம்" என்று மார்க்குப் போட்டார். அவருக்கு ஒரே ஒரு குறை. எல்லப்பன் எக்காளத்தை எடுத்தானே தவிர ஊதவில்லை.

"எனக்கு ஊதறத ஊரே கேக்கும், நான் மட்டும் கேக்கமாட்டேன். இது இன்னாடி நியாயம்?" என்றார். சுசித்ராவின் கஷ்டத்தைச் சொன்னபோது, அவரே ஒரு வழியும் சொன்னார். "நான் கண்ண மூடி மல்லாந்து படுத்துக்கறேன். மூக்குல பஞ்சு வச்சுடு. அந்தப் பொண்ணு எடுத்துகினு போவட்டும்."

ஓடிவந்து சுசித்ராவிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம் ஆன்ட்டி. இட்டுக்கட்டி எடுத்தா அது பொய். சந்தர்ப்பம் நிஜமா இருக்கணும். இல்லேன்னா நான் அந்த அத்தியாயத்தையே விட்டுடறேன்."

இந்த இடத்தில்தான் மேடம், நீங்கள் அந்தப் பெண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஏழு விரல்காரனைப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? போடவில்லை. பட்டம் போனாலும், குவைத்து மாப்பிள்ளை வந்தாலும் பொய்யைத் தொடமாட்டேன் என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நிஜமாக இருக்கவேண்டும் என்கிறாள். இது ஒன்றும் நியாயமில்லாத ஆசையில்லையே என்று நினைத்துக்கொண்டே அரிசி களைந்தேன்.

பேச்சுவாக்கில் அவளிடம் மற்ற விவரங்களைக் கேட்டுவைத்தேன். செம்புக்கு உச்சி வெயில் ஆகாதாம், கண்ணைக் கூசும். நாலு மணி வெயில்தான் பொன்மாதிரி விழும். மழை மூட்டம் கூடாது. அம்மையார்குப்பத்தில் எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது, அதனால் நாலு மணிக்கு மேற்கிலிருந்து நேராக அடிக்கும். நாலு மணிக்குத் தூக்கவேண்டுமென்றால் ஊர் உறவுக்குச் சொல்லி, குளிப்பாட்டி, பூப்பல்லக்கு கட்டுகிற நேரத்தைக் கழித்துக்கொண்டால், காலைப் பொழுதிலேயே ஆரம்பித்தாகவேண்டும். மாதாந்திர மின்தடை நாளாக இருக்கக்கூடாது. தறி ஓடுகிற நாளாக இருந்தால்தான் எக்காளம் வந்ததும் தறி நிற்பதைப் பற்றி அவள் எழுத முடியும். அந்தச் சத்தத்தில் வேறு சௌகரியமும் உண்டு.

ஆனி கடைசியில் ஒரு புதன்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காலையில் இட்லியும் வடகறியும் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. மனசு தாங்கவில்லை. ஒரு சேதியை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கே.ஜி.கண்டிகை தாண்டுவதற்குள் சுசித்ராவுக்குப் போன் செய்துவிட்டேன்.

"பாப்பா, பெரியப்பா போயிட்டாரு. இந்தத் தபா நெஜம். கேமராவுக்குச் சார்ஜ் போட்டுகினு மத்தியான பஸ்ஸுல வந்துடு."

அவள் அழுதாள். நல்ல பெண்.

நான் போனபோது அண்ணன் வெளியூர் போயிருந்தான், அண்ணி பின்னால் தறிக் கொட்டகையில் இருந்தாள். எட்டிப் பார்த்துக் கையாட்டினேன். அவள் ஏதோ சொன்னாள், தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு இட்லியை வடகறியில் பிசைந்து ஊட்டினேன். இன்னும் ஒன்று கேட்டார். கொடுத்தேன். வாய் துடைத்துவிட்டேன்.

"இன்னாடி புதுசு?" என்றார்.

"இன்னிக்கு நீதான் பெரியப்பா சேதி."

"மறுபடியுமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

தலையணை நழுவியிருந்தது. இலவம்பஞ்சுத் தலையணை, கனமில்லாதது. எடுத்துச் சரி செய்தேன். கொஞ்ச நேரம் சரி செய்துகொண்டே இருந்தேன். பின்கட்டில் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை என் வளையலைப் பிடித்துக்கொண்டது, பிறகு விட்டுவிட்டது. ஒரு வளையல் உடைந்தது. அதைப் பொறுக்கி, வாழையிலையோடு சேர்த்துச் சுருட்டி வெளியே போட்டேன். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து, தெருவே கேட்கிற மாதிரி அழுதேன். தறிச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை, இரண்டு தரம் அழவேண்டியதாகிவிட்டது. ஜெயம்மாள் அத்தையைவிட நன்றாகவே அழுதேன். மார்க்குப் போட ஆள்தான் இல்லை.

எல்லப்பன் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மார்பில் காது வைத்துக் கேட்டார். உள்ளங்காலைச் சுரண்டிக்கூடப் பார்த்தார். அப்புறம்தான் சாவியை அவிழ்த்தார்.

சொல்லுகிறேன் மேடம், அப்படி ஒரு நாலு மணி இனி வராது. பழைய பேனரையே எடுத்துத் தேதியை மட்டும் ஒட்டியிருந்தார்கள். கொள்ளுப்பேரன்கள் வரிசையாக நெய்ப்பந்தம் பிடித்தார்கள். தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றுகொண்டே வந்தது. கடைசித் தறியும் நின்றபோது எல்லப்பன் எக்காளத்தை மேற்கே பார்த்துத் தூக்கினார். வெயில் அதன் வாயில் விழுந்தது. ஊதினார். அடிவயிற்றில் இறங்குகிற சத்தம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, தேர்த் திருவிழாவில் நிற்கிற சின்னப்பெண் மாதிரி ஆகிவிட்டேன். சுசித்ரா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எடுத்தாள். அடியிலிருந்து வாய்வரை முழு எக்காளம், குறுக்கே ஒரு ஆள் இல்லை, ஊதுகிறவர் கையில் அஞ்சே விரல். எல்லப்பனிடம் சம்மதமும் வாங்கிக்கொடுத்தேன். "எடுத்துக்கோ, மாமாவுக்குப் புடிச்ச பொண்ணு" என்றார்.

பேராசிரியர் போனில் கத்தினார், இந்தத் தடவை சந்தோஷத்தில். இதுபோல் ஒரு படம் அவர் பார்த்ததேயில்லையாம். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். படத்துக்குக் கீழே எழுதவேண்டுமே. சுசித்ரா எதையும் சரிபார்க்காமல் எழுதமாட்டாள், நானே அதை மெச்சியிருக்கிறேன். அண்ணிக்குப் போன் போட்டு, பெரியவர் எப்போது இறந்தார், கடைசியாக யாரோடு பேசினார் என்று கேட்டிருக்கிறாள். பிரேமா வந்து இட்லி ஊட்டினாள், நன்றாகச் சாப்பிட்டார், அதன்பிறகுதான் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். சுசித்ரா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். படம் பார்த்தோமே, அதே படி.

"ஆன்ட்டி, நீங்க போன் பண்ணப்ப கண்டக்டர் 'கண்டிகை எறங்கு'ன்னு கத்தினாரு. நீங்க அப்ப பஸ்ஸுல இருந்தீங்க. அதுக்கப்புறம்தான் தாத்தா இட்லி சாப்பிட்டிருக்காரு."

"எனக்கு எதுவும் முன்னாடியே தெரிஞ்சிடும் பாப்பா" என்றேன். வழக்கமாக இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

அவள் என் கையைப் பார்த்தாள். ஒரு கையில் வளையல் ஒன்று குறைந்திருந்தது. அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனாள், அண்ணன் உங்களிடம் வந்தான். மாடியைக் காலி செய்துகொண்டு போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தலையணையை அழுத்தியது நான், முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததும் நான். அடியில் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். இதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, மறைக்கிற பழக்கமும் எனக்கில்லை.

என் வருத்தமெல்லாம் வேறு. அந்தப் படத்தை அவள் போடப்போவதில்லையாம். அத்தியாயத்தையே எடுத்துவிட்டாளாம். நீங்கள் கொஞ்சம் அவளிடம் எடுத்துச் சொல்லவேண்டும், மேடம். எடுத்தவர் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கருவிக்காரரின் சம்மதம் இருக்கிறது, சந்தர்ப்பமும் அவள் கேட்ட மாதிரியே நிஜம். இட்டுக்கட்டினது ஒரு பொட்டு கிடையாது. நன்றிப் பக்கத்தில் என் பெயரை முதலில் போடவேண்டும் என்றுகூட இல்லை, பெரியப்பா பெயருக்கு அடுத்துப் போட்டாலும் போதும். புத்தகமாகி நூலகத்தில் இருக்கும், நூறு வருஷம் கழித்தும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அவ்வளவு அழகாக வந்திருக்கிறது படம். பெரியப்பாவுக்குத்தான் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.